நாற்பதைக் கடந்த தாய்மாரும் நலங்காக்கும் நெறியும்

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் கூடிய மகளிர் அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



எல்லாம் வல்ல இறைவனின் திருவருளால் திருவிழா சீரும் சிறப்புமாக நடைபெறும் இவ்வேளையில், பூத்தொடுக்கவும், பொங்கல் வைக்கவும், அன்னதானக் கூடத்தில் அரிசி களையவும் முதலில் வந்து நிற்போர் தாய்மார்கள். கடைசியில் உண்போரும் அவர்களே. ஆலயத்தில் காணும் இந்த ஒழுங்குதான் இல்லத்திலும் நிலவுகிறது. கணவன், மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் அனைவரின் பசியும் பிணியும் தீர்ந்த பின்னரே தம் உடம்பை எண்ணிப் பார்ப்பது தமிழ்ப் பெண்களின் வழக்கமாகிவிட்டது. இது போற்றத்தக்க பண்பே எனினும், நாற்பது வயதைக் கடந்த பின்னர் இதுவே பல தாய்மார்களின் உயிருக்கு உலை வைத்துவிடுகிறது. அதனை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

மலையும் மங்கையரும்

1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியைக் கண்டு குறித்துச் சென்றார். 1929இல் போ தேயிலைத் தோட்டம் தோற்றுவிக்கப்பட்டது. அதன் பின்னர் ரிங்லெட் முதல் பிரிஞ்சாங் வரையிலும் அதற்கப்பாலும் மலைச்சரிவுகள் பசுங்கம்பளம் விரித்தாற்போல் தேயிலையால் மூடப்பட்டன. அந்தப் பசுமைக்குப் பின்னே தமிழ்ப் பாட்டாளிகளின் உழைப்பு மறைந்து கிடக்கின்றது. விடியற்காலைப் பனியில் பிரட்டுக்கு நின்று, முதுகில் கூடை கட்டி, வழுக்கும் சரிவில் நாளெல்லாம் கொழுந்து கிள்ளிய கைகள் பெரும்பாலும் பெண்களின் கைகளே.

இன்று கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. கொழுந்து வெட்டுவோரில் அயல்நாட்டுத் தொழிலாளர்கள் பலர். இளைய தலைமுறையினர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிச் சென்றுவிட்டனர். ஆயினும் அன்று கூடை சுமந்தவர்கள் ஐம்பதும் அறுபதும் எழுபதும் கடந்த தாய்மார்களாக இம்மலையில் வாழ்கின்றனர். அவர்களது உடம்பு நாற்பது ஆண்டு உழைப்பின் கணக்கைத் தாங்கி நிற்கிறது. அந்தக் கணக்கை ஒருமுறையேனும் சரிபார்க்க வேண்டாமா?

மாதவிடாய் நிற்கும் பருவம்

பெண்களுக்குப் பெரும்பாலும் 45 வயதிற்கும் 55 வயதிற்கும் இடையில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. தொடர்ந்து 12 மாதங்கள் வாராதிருந்தால் நின்றுவிட்டதாகக் கொள்ளலாம். இதற்கு முன்னும் பின்னும் சில ஆண்டுகள் உடல் திடீரெனக் கொதிப்பதும், குளிரும் இரவிலும் வியர்வையில் நனைவதும், உறக்கமின்மையும், காரணமற்ற கோபமும் கண்ணீரும் தோன்றக்கூடும். இவற்றைக் கண்டு, "அம்மாவுக்குப் புத்தி தடுமாறுகிறது" என்று பிள்ளைகள் நகைப்பதும், யாரோ செய்வினை செய்துவிட்டார் என்று அயலார் அஞ்சுவதும் உண்டு. இரண்டும் தவறு. கருப்பையைப் பேணிய சுரப்பு நீர் உடலில் குறைவதால் வரும் மாற்றமே இது. இதற்குச் சிகிச்சை உண்டு. மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் அதனையும் மருத்துவரிடம் கூற வேண்டும்.

அச்சுரப்பு நீர் குறையும்போது அதுவரை எலும்புக்கும் இரத்தக் குழாய்களுக்கும் கிடைத்துவந்த காவலும் தளர்கிறது. ஆகவே மாதவிடாய் நின்றதோடு பெண்ணுக்குரிய தொல்லைகள் ஒழிந்தன என்று எண்ணுவது பிழை. உடம்பைக் கவனித்துப் பார்க்க வேண்டிய காலம் அப்போதுதான் தொடங்குகிறது.

மறைக்கக் கூடாத உதிரம்

தோட்டப்புறத்து வாழ்க்கையை அறிந்தோர் ஒரு தாயை மனக்கண்முன் கொண்டுவரலாம். வயது ஐம்பத்தெட்டு. மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுகளாயின. இனித் தடையில்லை என்ற மகிழ்ச்சியுடன் வெள்ளிதோறும் ஆலயத்திற்கு வந்து மடைப்பள்ளிப் பணியில் பங்கேற்கிறார். ஒரு நாள் துணியில் சிறிது உதிரம் காண்கிறார். சூடு என்று எண்ணி வெந்தயம் ஊறவைத்து அருந்துகிறார். மறு மாதமும் காண்கிறார். வெளியே சொன்னால் தீட்டென்பர், மடைப்பள்ளியில் ஏற்கமாட்டார்கள், இவ்வளவு நாள் சமைத்ததும் குற்றமாகிவிடுமோ என்று அஞ்சி வாய் திறவாதிருக்கிறார். மகளிடமும் கூறவில்லை. அவர் காக்கும் ஒவ்வொரு மாதமும் நோய்க்குக் கிடைக்கும் வாய்ப்பாகிவிடுகிறது.

மாதவிடாய் முற்றிலும் நின்றபின் ஒரு துளி உதிரம் கண்டாலும் அது மருத்துவர் அறிய வேண்டிய செய்தியாகும். கருப்பை உட்சுவரில் புற்றுநோய் கண்ட பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேருக்கு இவ்வுதிரப் போக்கு இருக்கின்றது. அதே வேளையில், உதிரம் கண்ட பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கே புற்றுநோய் இருக்கும். மற்றவர்களுக்கு எளிதில் தீரும் வேறு காரணங்களே இருக்கும். எனவே அஞ்சி ஒளிவதற்கு இதில் ஒன்றுமில்லை. உடனே செல்வதற்கோ எல்லாக் காரணமும் உண்டு.

ஆலய ஆசாரம் பற்றிய வழக்கு இங்கு எழவில்லை. அந்நாளில் சந்நிதிக்கு வாராதிருப்பது அவரவர் மரபு. ஆனால் அந்நாளில் கிளினிக்கிற்குச் செல்லாதே என்று எந்த மரபும் விதிக்கவில்லை. உடம்பினுள்ளே இறைவன் உறைகிறான், ஆதலின் உடம்பைப் பேண வேண்டும் என்னும் கருத்தைத் திருமூலர் நமக்கு அருளிச் சென்றார். அவ்வாறாயின் கோயிலின் சுவரில் கண்ட விரிசலை மறைப்பது பக்தியாகுமா?

திருவிழா நாளில் மாதவிடாய் வந்துவிடுமோ என்று அதனைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கி விழுங்குவோரும் உள்ளனர். நாற்பது வயதைக் கடந்தவர்கள், அதிலும் ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும், முன்னர் இரத்தம் உறைந்து காலிலோ மூளையிலோ அடைப்புக் கண்டவர்களும், மருத்துவரைக் கேளாமல் இம்மாத்திரைகளைத் தொடுதல் ஆபத்தாகும்.

திண்டுக்கல் கிராமங்கள் காட்டிய வழி

தமிழகத்தில் மருத்துவக் கல்வி பெற்ற முன்னோடிப் பெண்மணியாகிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரமே 1954ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக உருப்பெற்றது. ஒரு குடும்பத்தின் இழப்பு ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குக் காவலாயிற்று.

அவர் தொடங்கிய அப்பணியின் வழியில், அதே தமிழகத்தில் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 2000ஆம் ஆண்டு முதல் ஓர் ஆய்வு நடைபெற்றது. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குக் கருப்பை வாயில் நீர்த்த வினிகரைத் தடவி, வெண்ணிறமாக மாறும் இடத்தைப் பயிற்சி பெற்ற தாதியர் கண்ணால் பார்த்துக் கண்டறிந்தனர். 31,000க்கும் மேற்பட்ட பெண்கள் பரிசோதிக்கப்பட்டனர். மாற்றம் கண்டவர்களுக்கு உரிய சிகிச்சை அளிக்கப்பட்டது. பரிசோதனை நடந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் நேரும் மரணம் 35 விழுக்காடு குறைந்தது என்று 2007இல் வெளிவந்த அறிக்கை தெரிவித்தது. அங்கே பரிசோதனைக்கு வந்தவர்கள் படித்த நகரத்துச் சீமாட்டிகள் அல்லர். வயலிலும் வரப்பிலும் உழைக்கும் கிராமத்துப் பெண்களே.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் எச்.பி.வி. எனப்படும் கிருமியே காரணம். அக்கிருமி தொற்றியபின் புற்றாக மாறப் பத்து, பதினைந்து ஆண்டுகள்கூட ஆகலாம். அந்த நீண்ட இடைவெளியில் கண்டுபிடித்தால் முற்றாகத் தடுத்துவிடலாம். மலேசியாவில் நெடுங்காலமாகப் பாப் ஸ்மியர் பரிசோதனை அரசு கிளினிக்குகளில் செய்யப்பட்டு வருகிறது. 2010 முதல் பள்ளிச் சிறுமியர்க்குத் தடுப்பூசியும் போடப்படுகிறது. 2019 முதல் எச்.பி.வி. பரிசோதனை படிப்படியாக அறிமுகம் செய்யப்பட்டுள்ளது. 30 முதல் 65 வயது வரையுள்ள மணமான பெண்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இதனைச் செய்துகொண்டால் போதும். திரைக்குப் பின்னே சென்று, சிறு பஞ்சுக் குச்சியால் தாமே மாதிரி எடுத்துக் கொடுக்கும் வசதியும் இதில் உண்டு. வேறொருவர் பார்ப்பாரே என்ற கூச்சத்திற்கு இங்கே இடமில்லை.

மார்பும் வாயும்

மலேசியப் பெண்களை மிகுதியாகத் தாக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயாகும். தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, 2012க்கும் 2016க்கும் இடையில் கண்டறியப்பட்ட மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதி, மூன்றாம் நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்பட்டன. தொடக்கத்தில் கட்டியில் வலி இருப்பதில்லை. வலியில்லையே என்று இருந்துவிடுவதே பெருந்தவறு. மாதம் ஒருமுறை குளிக்கும்போது மார்பையும் அக்குளையும் தடவிப் பார்த்தல் நன்று. கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து உதிரம் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் காலந்தாழ்த்தலாகாது. நாற்பது கடந்தோர் ஆண்டுக்கொருமுறை தாதியிடமோ மருத்துவரிடமோ மார்பகத்தைக் காட்ட வேண்டும். ஐம்பது கடந்தோர் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாமோகிராம் எடுப்பது பற்றிக் கேட்டறிய வேண்டும். அதற்காக மலையிறங்க வேண்டியிருக்கலாம். ஒரு நாள் பயணம் ஓர் ஆயுளைக் காக்குமாயின் அது பெரிதன்று.

மற்றொன்று வெற்றிலைப் பெட்டியைப் பற்றியது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தாரை விட இந்தியரிடையே, குறிப்பாக இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படுகின்றது. புகையிலை சேர்த்த தாம்பூலமே அதற்குப் பெருங்காரணம். புகையிலை சேராவிடினும் பாக்கு மட்டுமே புற்றுநோயை விளைவிக்கும் என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் அறிவித்துள்ளது. பூசைத் தட்டில் வைக்கும் வெற்றிலை பாக்கு மங்கலப் பொருளாகவே இருக்கட்டும். கன்னத்தில் நாளெல்லாம் அடக்கி வைக்கும் வழக்கத்தைத்தான் விட வேண்டும். வாயில் மூன்று வாரத்திற்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது செந்நிறத் திட்டு, வாயைத் திறக்க இயலாமை ஆகியன கண்டால் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இனிப்பு நீரும் இதயமும்

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர் உள்ளது. அவர்களுள் ஐவரில் இருவர் தமக்கு அந்நோய் உள்ளதையே அறியார். பல ஆண்டுகளாகவே இந்நோய் மற்ற இனத்தாரை விட இந்தியரிடையே கூடுதலாகக் காணப்படுகின்றது. ரத்தக் கொதிப்போ பத்தில் மூவருக்கு உண்டு. இவ்விரண்டும் ஓசையின்றி வருவன. விரலில் ஒரு துளி இரத்தமும், கையில் கட்டும் பட்டையும் இன்றி இவற்றை அறிய வழியில்லை.

மாரடைப்பு ஆண்களுக்கு உரியது என்ற எண்ணமும் பரவியுள்ளது. மாதவிடாய் நின்ற பின்னர் பெண்களுக்கும் அவ்வாபத்து ஏறிக்கொண்டே போகிறது. நெஞ்சு வலி இல்லாமலே மூச்சுத் திணறல், முதுகு அல்லது தாடை வலி, குமட்டல், குளிர்ந்த வியர்வை, அளவற்ற அயர்வு எனப் பெண்களிடம் அது வேறு வேடத்தில் வரக்கூடும். வாயு என்று கருதித் தைலம் தடவிப் படுத்துக்கொள்ளாமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

விரதம் மேற்கொள்ளும் அடியார்கள் இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். இனிப்பு நீருக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் உண்ணாதிருந்தால் இரத்தத்தில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரலாம். அதற்கு அஞ்சி மருந்தைத் தாமாகவே நிறுத்திவிட்டால் சர்க்கரை எல்லை கடந்து ஏறும். எனவே விரதம் தொடங்குமுன் மருத்துவரிடம் கூறி, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். பால் உணவோடும் பழத்தோடும் விரதம் காத்தாலும் இறைவன் ஏற்றுக்கொள்வான். நீண்ட நாள் இனிப்பு நீர் உள்ளோர்க்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும். வெறுங்காலில் பால்குடம் ஏந்தி வருவோர் வீடு திரும்பியதும் பாதத்தைக் கழுவித் துடைத்து, அடிப்பாதத்தைப் பிறர் ஒருவர் பார்க்கும்படி காட்ட வேண்டும். சிறு கல் குத்திய புண்ணே பின்னர் காலை இழக்கக் காரணமாகும்.

இரத்தமும் எலும்பும்

தேயிலை நாட்டில் தேநீரைக் குறை கூறுதல் முறையன்று. ஆயினும் அதற்கும் நேரம் உண்டு. உணவோடோ உணவு உண்ட உடனேயோ தேநீர் அருந்தினால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பது குறைகிறது. மாதவிடாய் நிற்கும் முன்னைய ஆண்டுகளில் அதிக உதிரப் போக்கினால் இரத்தச் சோகை கண்டுள்ள தாய்மார்கள் பலர். அவர்கள் சோற்றுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விட வேண்டும். கெட்டிப் பாலும் சர்க்கரையும் குறைத்த தேநீரே இனிப்பு நீருக்கும் நல்லது.

மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் எலும்பு விரைந்து தேய்கிறது. மழையில் நனைந்த படிக்கட்டில் ஒருமுறை வழுக்கினாலே மணிக்கட்டும் இடுப்பும் முறிவது அதனால்தான். கேழ்வரகு, எள், நெத்திலி, முருங்கைக்கீரை, மோர் ஆகியவற்றை உணவில் சேர்க்க வேண்டும். மூடுபனி விலகும் வேளையில் இளவெயிலில் நடக்க வேண்டும். வீட்டு வாசலில் வழுக்காத விரிப்பும் இரவில் விளக்கும் மருந்துக்கு நிகரானவை.

இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிவதும், அடிவயிறு இறங்கி வருவது போன்ற உணர்வும் பல பிள்ளைகளைப் பெற்றுச் சுமை தூக்கிய தாய்மார்களுக்கு வருவன. இதனால் பூசைக்கு நெடுநேரம் அமர அஞ்சி, முழங்கால் வலி என்று கூறி ஆலயத்திற்கே வாராது நின்றவர்கள் உண்டு. இது மூப்பின் விதியன்று. உரிய பயிற்சியாலும் சிகிச்சையாலும் பெரிதும் குறைக்கக் கூடியது.

எங்கே செல்வது?

தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கல்சோம் அரசு மருத்துவமனை உள்ளது. அரசு சுகாதாரக் கிளினிக்குகளில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளியே. 2019இல் தொடங்கப்பட்ட பெக்கா பி40 திட்டத்தின்கீழ், அரசின் உதவித்தொகை பெறும் குடும்பங்களில் 40 வயதும் அதற்கு மேலும் உள்ளோர்க்கு உடல், இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகள் இலவசம். புற்றுநோய்ச் சிகிச்சையை முழுமையாக முடிப்போர்க்கு ஊக்கத்தொகையும், சிகிச்சைக்குச் சென்றுவரப் போக்குவரத்து உதவியும் அதில் அடங்கும். பதிவு செய்த தொழிலாளர்கள் சொக்சோவின் பரிசோதனைத் திட்டத்தையும் கேட்டறியலாம். மருத்துவரிடம் செல்லும்போது, முன்னர்ச் செய்த வேலை என்ன, மருந்தடித்த ஆண்டுகள் எத்தனை என்பதையும் கூறுதல் நன்று.

வசதி இல்லை என்று சொல்லும் காலம் பெரும்பாலும் போய்விட்டது. இன்று தடையாக நிற்பவை ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற கவலையும், மலாய் மொழியில் விளக்கிச் சொல்ல வராதே என்ற தயக்கமும், வெட்கமும், "எனக்கென்ன, நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்ற சொல்லுமே. நன்றாக இருக்கும் நாளில் செல்வதற்காகவே பரிசோதனை ஏற்பட்டது.

ஆலயம் ஆற்றக்கூடிய பணி

இத்தடைகளை நீக்க ஆலயத்தைவிடச் சிறந்த இடம் இல்லை. திருவிழா நாள்களில் கிளினிக் தாதியரை அழைத்து ஒரு மேசை இட்டு, ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கச் செய்யலாம். மாதம் ஒருமுறை ஆலயத்தின் வேனில் பத்துத் தாய்மார்களைக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லலாம். மொழி அறிந்த ஓர் இளம்பெண் உடன் சென்றால் தயக்கம் பாதி தீரும். மடைப்பள்ளிப் பொறுப்பிலுள்ள மூத்த தாய்மார்கள், "உடம்பில் மாற்றம் கண்டால் எங்களிடம் கூறுங்கள், எவரும் உங்களைக் குறைவாக எண்ணமாட்டோம்" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னால், அச்சொல் எத்தனையோ மருந்துகளுக்கு நிகராகும்.

மகன்களுக்கும் மகள்களுக்கும் ஒரு வேண்டுகோள். தீபாவளிக்குத் தாய்க்குச் சேலை எடுத்து வருவோர், இவ்வாண்டு ஒரு நாள் விடுப்பும் எடுத்து வரட்டும். அந்த ஒரு நாளில் தாயின் கையைப் பற்றிக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லட்டும். பிள்ளை அழைத்தால் வாராத தாய் இல்லை.

குடும்பத்திற்காக விளக்கேற்றி வேண்டும் தாய்மார்கள் அனைவரும் நோய் நீங்கி, நெடுநாள் வாழ்ந்து, பேரன் பேத்தியரின் திருமணக் கோலம் கண்டு மகிழ எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.